மூக்கில்லாத வண்டு

அவசரமில்லாமக் கேளுங்க. கடைசில தீர்ப்பு உங்க வாயிலிருந்துதான் வரணும்.

தாராபுரம் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல். சமையல் நாச்சம்மா. ஸ்டோர் ரூம் தண்டபாணி. எட்டு வருசமா ஒரே கூரைக்குக் கீழ வேலை. ஒருத்தரை ஒருத்தர் "சாப்பிட்டீங்களா"ன்னு கூடக் கேட்டதில்ல.

அரிசி டிரம் நாச்சம்மா பொறுப்பு. பருப்பும் பயறும் ஸ்டோர்ல. அந்தச் சாவி தண்டபாணி இடுப்பை விட்டு எறங்காது. ரெண்டு மாசமா பாசிப்பயறு வெளிய வரல. கேட்டா, "தர்றப்ப தருவேன்"ம்பாரு.

திங்கக்கெழமை காலைல வார்டன் அருளானந்தம் சமையல்கட்டுக்கு வந்தாரு. காபி ஆறிப்போனாத்தான் அவரு அந்தப் பக்கம் வருவாரு. அன்னைக்கு அவரு பின்னாலயே தண்டபாணி. தண்டபாணியே டிரம் மூடியத் தொறந்தாரு. அரிசி மேல அம்பது அறுபது வண்டு ஓடுது.

"பாத்துக்கங்க சார். இந்தம்மாகிட்ட அரிசியக் குடுத்தா இதான் கதி."

வார்டன் மூக்கைப் பொத்திக்கிட்டாரு. "சாயந்தரம் பஸ்ஸுக்கு நீ கெளம்பிரும்மா."

நாச்சம்மா டிரம்முகிட்ட வந்தா. வண்டு விட்ட சமையக்காரின்னு பேரு வந்துட்டா, அப்புறம் யாரு அடுப்படில விடுவா? கரண்டி கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. ஆனா அவ எடுத்தது மொறத்தை.

டிரம்முக்கு அடிவரைக்கும் கையை விட்டு அள்ளிக் கொட்டினா. அரிசி முழுசு முழுசா இருந்துச்சு. ஒண்ணுலயும் ஓட்டை இல்ல, மாவுத்தூசி பறக்கல, வண்டும் இல்ல. மேல ஓடினதுல ஒண்ணப் புடிச்சு உள்ளங்கைல விட்டுப் பாத்தா. குட்டையா, தொப்பையா இருந்துச்சு. சின்ன வயசுச் சட்டைய இன்னும் கழட்டாத ஆளாட்டம், முதுகு ஓடு பத்தாம பின்பக்கம் வெளிய தெரிஞ்சுது.

"சார், இதுக்கு மூக்கு எங்கீங்க?"

தண்டபாணி சிரிச்சாரு. "வண்டுக்கு மூக்குத் தேடுது சார். அடுத்தாப்புல மூக்குத்தி போட்டுவிடும்."

"மூக்கு இருந்தா நானே பஸ் ஏறிக்கறனுங். இல்லைன்னா, அவரு இடுப்புல இருக்குற சாவிய ஒருக்கா வாங்குங்க."

சிரிப்பு நின்னுபோச்சு. தண்டபாணி கை தானா இடுப்புக்குப் போச்சு. "சாவி எதுக்கு?"

நான் இங்க நிறுத்திக்கறேன். நீங்கதான் வார்டன். அந்த வண்டு பொறந்தது எங்க? யாரை பஸ் ஏத்துவீங்க?

விடை: அரிசி வண்டு ஒல்லியா இருக்கும். முகத்துல தும்பிக்கையாட்டம் நீட்டு மூக்கு இருக்கும். அதாலதான் அரிசியக் கொடஞ்சு முட்டை வெக்கும். அதனால அது குடியிருந்த அரிசில ஓட்டையும் தூசியும் இல்லாம இருக்காது. மூக்கில்லாம, பின்பக்கம் தெரிய, குட்டையா இருக்குறது பயறு வண்டு. அதுக்கு அரிசில பொழப்பே கெடையாது. ஸ்டோரத் தொறந்தா, பயறுல பாதி வட்ட வட்டமா ஓட்டை. மிச்சத்துல வெள்ளைப் புள்ளியாட்டம் முட்டை. காய வெக்காமப் பாழாக்கின பயறு மூட்டைய மறைச்சு, பழிய நாச்சம்மா மேல போட, அதுல ஒரு கை வண்ட அள்ளி டிரம்முல தூவியிருக்காரு மனுசன். சாயந்தரம் பஸ்ஸுக்குப் பெட்டியோட அவருதான் நின்னாரு. நாச்சம்மா வாசல் வரைக்கும் வந்து, எட்டு வருசத்துல முதல் தடவையாக் கேட்டா: "சாப்பிட்டீங்களா?"