பழைய டிஸ்க்குக்குப் பிரிவு உபசாரம்

உப்புக் கம்பெனி செய்த அநியாயங்களை வரிசைப்படி சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும். முதலில், தண்ணீர்ப் பானையை நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றினார்கள். அடுத்து, பாத்தியில் இறங்க பூட்ஸ் தருகிறோம் என்று எல்லோருக்கும் இடது காலுக்கு மட்டும் தந்தார்கள். மூன்றாவது, மூத்தவர்களைத் தாண்டி மேனேஜரின் மச்சினனை மேஸ்திரி ஆக்கினார்கள். நான்காவது, தொழிலாளர் சங்கத்தின் நூறாவது உறுப்பினரை ஒரு மிக்சி கொடுத்துத் தங்கள் கைப்பிள்ளைச் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். நூறு பேர் இல்லாத சங்கத்துக்கு அங்கீகாரம் கிடையாது. அதைச் சரிபார்க்க அதிகாரி வருகிற அன்று காலையில், ஐந்தாவது அநியாயத்தைச் சங்கத்து சர்வரே செய்தது.

சர்வர் என்பது மேசைக்கடியில் இருந்த பெட்டி. உறுப்பினர் பட்டியல் முழுக்க அதற்குள். அதன் டிஸ்க் சாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் பார்க்கிற பிரிஸ்கில்லா, அதை அப்படியே ஒரு புது டிஸ்க்கில் நகலெடுத்து முந்தின நாளே தலைவர் லிங்கத்துரையிடம் கொடுத்திருந்தாள். லிங்கத்துரை, கல்யாணமே முதலாளித்துவ ஏற்பாடு என்று ஒதுக்கிவிட்டுச் சங்கத்தையே குடும்பமாகக் கொண்டவர். அதில் அவருக்கு நிரம்பப் பெருமை.

பிரிஸ்கில்லா போனில் சொன்னாள்: "அண்ணாச்சி, பழசைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டுங்க. திரையில அதுக்கு முதல் இடம் குடுங்க. மெஷின் அதுலருந்துதான் எந்திரிக்கணும்."

முதல் இடம் என்றதும் பொருளாளர் சுடலையாண்டிக்கு முகம் மாறியது.

"நேத்து வந்தவனுக்கு முதல் இடமா? இதுக்குத்தானவே மச்சினனை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தோம்? பழசுக்கு ஆறு வருச சர்வீசு. ஒரு மெமோ உண்டா, ஒரு லீவு உண்டா?"

செயலாளர் மிக்கேல் சொன்னார்: "புதுசு வேத்தாள் இல்லவே. பழசுக்குத் தெரிஞ்சது அத்தனையும் அதுக்கும் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சது அத்தனையும் என் பொண்டாட்டிக்கும் தெரியும். அவளைப் பொருளாளர் ஆக்குவீரா?"

"ஆக்கலாம். கணக்காவது ஒழுங்கா வரும்."

லிங்கத்துரை கையை உயர்த்தினார். விளக்கம் கேட்காமல் யாரையும் இடத்தைவிட்டு எடுக்கக் கூடாது என்று அவரே எத்தனையோ துண்டறிக்கைகளில் எழுதியிருக்கிறார். ஆகவே ஒரு நோட்டீஸ் எழுதி, மேசைக்கடியில் குனிந்து, பெட்டிக்கு வாசித்தார்.

பெட்டி "கடக், கடக்" என்றது.

"மறுக்கு," என்றார் சுடலையாண்டி.

"வக்கீல் கேக்குதோ என்னவோ," என்றார் மிக்கேல்.

லிங்கத்துரை போனை எடுத்தார். "தாயி, டிஸ்க்கு தன்னிலை விளக்கம் குடுக்கு."

"ஐயோ அண்ணாச்சி, அது சாகப் போற சத்தம். கரண்ட்டை நிறுத்திட்டு உடனே கழட்டுங்க."

கரண்ட்டை நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டியதுதானே. மிக்கேல் ஒரு மூங்கில் கம்போடு டிரான்ஸ்பார்மருக்குப் போய்த் தெருவுக்கே நிறுத்திவிட்டு வந்தார். அவர் பின்னாலேயே, கரண்ட் போன கோபத்தில் ஐஸ் பேக்டரி ஆட்கள், ஐஸ் இழுக்கிற கொக்கியோடு வந்தார்கள்.

"வாங்க தோழர்களே, உக்காருங்க," என்றார் லிங்கத்துரை. "பிரிவு உபசார விழா. இப்பத்தான் தொடங்குது."

நீக்கம் என்பதை கௌரவ ஓய்வு என்று தீர்மானத்தில் மாற்றிக்கொண்டார்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி நாற்காலியில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். உழைப்பைச் சுரண்டுவது பற்றி லிங்கத்துரை நெடுநேரம் பேசினார். கொக்கிக்காரர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே போய்க் கரண்ட்டைப் போட்டுவிட்டு வந்தார். புது டிஸ்க்குக்கு முதல் இடம் கிடைத்தது. சர்வரும் எழுந்துவிட்டது.

பழைய டிஸ்க்குக்குப் போட மாலையை எடுக்கும்போது சுடலையாண்டி மறித்தார். "உறுப்பினர் இல்லாதவருக்குச் சங்கத்து மாலை போட விதி கிடையாது."

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. "விதி என்னவோ அப்படியே செய்ங்க," என்று சொல்லிவிட்டு லிங்கத்துரை வாசலுக்கு ஓடினார். மிக்கேல் சர்வரின் முன்னால் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார்.

அதிகாரி, கைப்பிள்ளைச் சங்கத்தின் செயலாளரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இருப்பது தொண்ணூற்றொன்பது பேர் என்பது லிங்கத்துரைக்குத் தெரியும். தோல்வியைக் கண்டித்து ஒரு துண்டறிக்கையைச் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தார்.

அதிகாரி திரையைப் பார்த்தார். "நூறு. சரியா இருக்கு."

வரலாறு நம் பக்கம் என்று தான் எழுதியதெல்லாம் வீண்போகவில்லை என்று லிங்கத்துரைக்கு நெஞ்சு விம்மியது. அந்தத் துண்டறிக்கையை அங்கேயே நாலாகக் கிழித்தார்.

"ஆனா கடைசி ஆளுக்கு வயசு ஆறுன்னு இருக்கே. குழந்தைத் தொழிலாளியா?"

"என் சங்கத்துலயா? நிரூபிங்க, மீசையை எடுத்துருதேன்," என்றார் லிங்கத்துரை.

"அவரு ரிட்டயர் ஆயிட்டாரு சார்," என்றார் மிக்கேல்.

"ஆறு வயசுலயா?"

"உடம்புக்கு முடியல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "நான் ஆளை நேரில் பார்க்கணும். பேரை வாசிக்கிறேன். சாட்சிகள் எல்லாரும் கேட்டுக்குங்க."

சுடலையாண்டி நாற்காலிப் பக்கம் போய்ப் பொன்னாடையைச் சரி செய்து, மாலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டார். ஐஸ் பேக்டரி ஆட்கள் எழுந்து நின்றார்கள். கைப்பிள்ளைச் சங்கத்துச் செயலாளர் காதைத் தீட்டிக்கொண்டார். லிங்கத்துரை நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

அதிகாரி நிறுத்தி, தெளிவாக வாசித்தார்:

"கடகடமுத்து. தகப்பனார் பெயர், லிங்கத்துரை."