கையில் பாட்டில் இருக்கத் தண்ணீர் கேட்டவள்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வார்த்தை முன்பின்னாகி, நல்ல மனிதர் ஒருவருக்கு மெமோ வந்துவிடக் கூடாது. அதனால் பெயர்களை மாற்றிவிட்டேன். ஊரைச் சொல்லவே போவதில்லை.

எங்கள் வீடு பைபாஸ் சாலையைப் பார்த்து இருக்கிறது. பெரிய மனிதர் யாராவது அந்த வழியாகப் போனால், காலையிலேயே போலீஸ்காரர்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொருவரும் நிற்கும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். கார்கள் போய் முடியும்வரை பாயிண்டில் ஆள் இல்லையென்றால் மெமோதான். வீட்டுக்காரர்களுக்கும் ஓர் உத்தரவு உண்டு: கதவைத் திறக்கக் கூடாது.

அன்று எங்கள் கேட்டுக்கு எதிரே நின்றவள் முத்துச்செல்வி. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். சித்திரை வெயில். இன்ஸ்பெக்டர் ஜெபராஜ் ஜீப்பில் வந்து ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார். "மயங்கி விழுந்து என் உயிரை வாங்காதீங்க, குடிங்க" என்றார். அக்கறையில்தான். அவள் வாங்கிக்கொண்டாள். மூடியைத் திருகவே இல்லை.

நான் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்கள் வந்தபாடில்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது, பாயிண்டுகளைச் சுற்றிப் பார்க்கும் ஏட்டு தளவாய் பைக்கில் வந்தார்.

"ஏட்டையா, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள் முத்துச்செல்வி.

"கையில என்னம்மா வச்சிருக்கே, பன்னீரா? இங்கேயே குடி."

"இல்ல ஏட்டையா... தண்ணி..."

"சூடாயிடுச்சா? இந்தா, என்னோடது. என் வீட்டம்மா வெட்டிவேர் போட்டுக் கொடுத்த பானைத் தண்ணி."

தன் பாட்டிலையும் கொடுத்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டையும் எங்கள் மதில்மேல் வைத்துவிட்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபின் சும்மா இருக்கவும் முடியவில்லை, கதவைத் திறக்கவும் பயம். கேஸ் போட்டுவிட்டால்? கடைசியில் திறந்தே விட்டேன். கேட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தேன்.

"ஏட்டையா, தலை சுத்துது. ஆம்பிளைங்க தூக்க வேண்டாம், அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க."

தலை சுற்றுகிறவளுக்கு என் குரல் கொஞ்சம் உரக்கத்தான் இருந்தது. ஏட்டு என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மதில்மேல் இருந்த பாட்டில்களைப் பார்த்தார்.

"போம்மா. அந்தம்மாவுக்குத் தலைசுத்தல் நிக்கிற வரைக்கும் இருந்துட்டு வா. அவசரமில்ல. உன் பாயிண்டுல நான் நிக்கிறேன்."

உள்ளே வந்தவளுக்குப் பின்வாசலைக் காட்டினேன். ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. "இங்க நின்ன பொண்ணு எங்கய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தண்ணி குடிக்கப் போயிருக்கு சார்."

இன்ஸ்பெக்டர் நிறைந்த பாட்டில்களைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்த முத்துச்செல்வி முதலில் ஜன்னலுக்குப் போய்த் தன் பாயிண்டை எட்டிப் பார்த்தாள். ஏட்டு நிற்பதைக் கண்டபின்தான் உட்கார்ந்தாள். நான் நீட்டிய சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

முதலில் பாட்டில் கொடுத்தவர் இன்ஸ்பெக்டர். கதவைத் திறந்தவள் நான். வெயிலில் அவளுக்காக நின்றவர் ஏட்டு. அவள் கேட்ட தண்ணீரை அவளுக்குக் கொடுத்தது எங்களில் யார்?

விடை: ஆண்களிடம் பாத்ரூம் என்று சொல்லக் கூச்சப்பட்டு அவள் அதைத் தண்ணீர் என்றாள். போக இடமில்லாததால்தான் காலையிலிருந்து நிஜத் தண்ணீரைத் தொடவில்லை. நான்தான் கொடுத்தேன் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். ஆனால் பாயிண்ட் காலியாகக் கிடந்திருந்தால் அவள் என் வீட்டில் உட்கார்ந்திருக்கவே மாட்டாள். கதவு என்னுடையது, நிம்மதி ஏட்டையாவுடையது. அதனால் என் விடை ஏட்டையாதான்.

மறுநாளும் பயம் என்னை விடவில்லை. வேறு யாராவது போய்ச் சொல்வதற்குள் நானே ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அடுத்த பந்தோபஸ்துக்கும் எங்க பொண்ணுங்களுக்குக் கதவைத் திறப்பீங்களாம்மா?" என்று கேட்டார்.

"திறக்கிறேன் சார். திறக்கச் சொன்னது நீங்கதான்னு இங்க இருக்கிற எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க."

சொன்னார். இன்னொரு தடவையும் சொல்ல வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.