பொய் பொறுக்காத மரம்

"மரம் தப்பு பண்ணுமா, தோக்?"

பதினாறு மாதமாக வீரா லெலா கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.

மெலூர் விளக்குமாற்றை எடுத்து நீட்டினாள்.

வீரா லெலாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஸ்ரீ மேரு நாட்டின் பங்லிமாவாக, அதாவது படைத்தலைவராக, இருந்தவர். மெலூருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர்தான் அவளைத் 'தோக்' என்று அழைக்கவேண்டும். பெரியவர்களுக்கு உரிய சொல் அது. மரத்தைக் காப்பவர் யாராக இருந்தாலும் அந்த நாட்டில் அவர் பெரியவர்தான்.

நரைத்த மீசையோடு ஒருவர் 'தோக், தோக்' என்று ஒரு பெண்ணின் பின்னால் விளக்குமாறும் கையுமாக நடப்பதைப் பார்த்து, ஆற்றில் போகும் படகுக்காரர்கள் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெருக்குவார். ஆனால் மரத்துக்குப் பத்தடி தள்ளித்தான் பெருக்குவார்.

அது 'ஈப்போ' என்னும் மரம். இன்றைய மலேசியாவின் ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த அதே சாதி. கீறினால் பால் வடியும். காட்டு மக்கள் அந்தப் பாலை ஊதுகுழல் அம்பில் தடவிக் குரங்கு வேட்டையாடுவார்கள். அதன் அடியில் புல் முளைக்காது, மேலே பறக்கும் பறவை செத்து விழும் என்றெல்லாம் ஊரில் சொல்வார்கள். புல் தாராளமாகவே முளைத்தது. வாரம் ஒருமுறை மெலூர்தான் அதைச் செதுக்கினாள்.

மரத்துக்கு ஒரு கதை உண்டு.

கடல் கடந்து வந்த முதல் அரசனுக்கு இரண்டு தோழர்கள். ஒருவன் அவனை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தான். எவன் என்று தெரியவில்லை. இருவருமே தாயின் மேல் ஆணையிட்டார்கள். அரசன் இருவர் உள்ளங்கையையும் கீறி, இந்த மரத்தின் பால் வடியும் இடத்தில் வைக்கச் சொன்னான். ஒருவன் விழுந்து செத்தான். மற்றவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரசன் அழுதான். அந்த இடத்திலேயே நகரம் எழுந்தது.

அன்றிலிருந்து ஸ்ரீ மேருவில் நீதி என்றால் மரம்தான். ராஜத் துரோகம் என்று குற்றம் வந்தால் சாட்சி கிடையாது, வாதம் கிடையாது. மரத்தைக் காப்பவர் குற்றம் சாட்டப்பட்டவனின் உள்ளங்கையில் செம்மண் குழம்பு பூசி, பிரம்பு முள்ளால் ஒரு கோடு இழுப்பார். அவன் மரத்தில் கை வைத்து, 'நான் செய்யவில்லை' என்று சொல்லவேண்டும். உண்மையானால் வீட்டுக்குப் போகலாம். பொய்யானால், ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் வீரா லெலாவின் தம்பி ஜாகா அந்த மரத்தில் கை வைத்தான். ஆற்று முகத்துவாரத்தில் கப்பல்களைத் தடுக்கக் கட்டியிருந்த சங்கிலியைக் கொள்ளைக்காரர்களுக்குத் திறந்துவிட்டான் என்பது அவன் மேல் குற்றம்.

'நான் செய்யவில்லை' என்று ஜாகா சொன்னான். அண்ணனைப் பார்த்துச் சொன்னான்.

பிறகு விழுந்தான்.

வீரா லெலா அழவில்லை. துரோகிக்கு எதற்கு அழுகை? தம்பியின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டார். அவன் மனைவியை அவள் ஊருக்கே அனுப்பிவைத்தார். அம்மா மட்டும் சாகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டுவிட்டுப் போனாள். மரம் தப்பு பண்ணுமா என்று.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒன்பது போரில் நெஞ்சைக் காட்டி நின்ற மனிதர் ஒரு மரத்தின் நிழலைக் கண்டு நடுங்கினார். பதவியை விட்டுவிட்டு அரசரிடம் போய், அடுத்து மரத்தைக் காக்கும் வேலையைத் தனக்குத் தரும்படி கேட்டுக்கொண்டார். அரசர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

இப்போது தெரிந்திருக்கும், அவர் எதற்காகப் பெருக்கினார் என்று.

அன்று காலை ஒரு பெண் படகில் வந்து இறங்கினாள். பெயர் நங்கை. தமிழ் வணிகரோடு வந்து துறைமுகத்தில் கப்பல் பாய் தைத்துப் பிழைக்கும் நக்கன் என்பவனின் மனைவி. அரசருக்கு எதிராகச் சதி செய்தவர்களுக்கு நக்கன் இடம் கொடுத்தான் என்று பிடித்து வைத்திருந்தார்கள். மறுநாள் அவன் மரத்தில் கை வைக்கவேண்டும்.

முந்தின நாள் அரண்மனையிலிருந்து மரத்தைக் காப்பவருக்கு வெற்றிலைத் தட்டு வரும். அதைக் குற்றம் சாட்டப்பட்டவனின் உறவுக்காரர்தான் சுமந்து வரவேண்டும். மரத்தின்மேல் நம்பிக்கை உண்டு என்று காட்டும் வழக்கம் அது. கொண்டுவந்தவர் தட்டைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடவேண்டும்.

நங்கை இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். தட்டைக் கல்லில் வைத்தாள். போய்விட்டாள்.

வீரா லெலா தட்டை எடுத்து வந்தார். வெற்றிலை, சுண்ணாம்பு, ஒரு கொட்டைப் பாக்கு.

அவருக்கு எரிச்சல் வந்தது. பெரியவர் முன்னால் முழுசாகக் கொட்டைப் பாக்கை வைப்பது அந்த நாட்டில் அவமரியாதை. நாய்க்கு எலும்பு போடுவதற்குச் சமம் என்பார்கள். அரண்மனையில் இருக்கும் சோம்பேறிகளுக்கு ஒரு பாக்கை வெட்டக்கூட நேரமில்லை என்று முணுமுணுத்தபடி, இடுப்பிலிருந்த சின்னக் கத்தியை எடுத்தார்.

மெலூர் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெட்டாதீங்க!"

பதினாறு மாதத்தில் அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டதில்லை. அவள் முகத்தில் பயத்தைப் பார்த்ததும் இல்லை. அவள் பாக்கைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் மூச்சு விட்டாள்.

அவர் ஏன் என்று கேட்டார்.

அவள் மரத்தை நோக்கி நடந்தாள். உள்ளங்கை இரண்டையும் வெயிலில் விரித்து, எங்காவது காயம் இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தாள். பட்டையைக் கீறினாள். பால் வடிந்தது. அதன்மேல் கையை அழுத்தி வைத்தாள்.

வீரா லெலா இரண்டடி பின்வாங்கினார்.

"என் பேரு வீரா லெலா" என்றாள் மெலூர். "எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. பெரிய மீசை வச்சிருக்கேன்."

காற்று வீசியது. ஒரு காய்ந்த இலை விழுந்தது. அவள் விழவில்லை.

ஆற்றுக்குப் போய் மணல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். பிரம்பு முள்ளை எடுத்தாள். அவருடைய உள்ளங்கையை இழுத்து இரண்டு கோடு போட்டாள். ஒன்று வெள்ளையாக நின்றது. இன்னொன்றில் இரத்தம் அரும்பியது. இரண்டின் மேலும் செம்மண் குழம்பைத் தடவினாள்.

இப்போது எது எது என்று அவருக்கே தெரியவில்லை.

"இரத்தத்துல கலந்தாத்தான் அது விஷம்" என்றாள். "தோல்மேல பட்டா வெறும் பால்."

வீரா லெலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ மரம் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"அது மரம், பங்லிமா."

"யார் சாகணும்னு நீங்களா முடிவு பண்றீங்க?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாக்கைக் காட்டினாள். முழுப் பாக்கு வந்தால் வெள்ளைக் கீறல். வெட்டுப் பாக்கு வந்தால் இரத்தம். அரசருக்கும் மரத்தைக் காப்பவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். தட்டைச் சுமந்து வருகிறவருக்குக்கூடத் தெரியாது. நங்கைக்குத் தெரியாது, தன் புருஷன் உயிரைத்தான் அவள் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள் என்று. மெலூரால் அதை அவளிடம் வாய் திறந்து சொல்லவும் முடியாது.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்றாள் மெலூர். பல வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சொல் போலிருந்தது. "ஆனா என் கை இப்பல்லாம் நடுங்குது. நாளைக்கு நடுங்கிட்டா, வெள்ளைக் கோடு விழவேண்டிய இடத்துல இரத்தம் வந்துடும். அதனாலதான் உங்க கையில முள்ளைக் கொடுக்கறேன்."

அவர் முள்ளை வாங்கவில்லை.

ஜாகா குற்றவாளியா என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது. நான் பாக்கை மட்டும்தான் பார்த்தேன்."

"என்ன பாக்கு வந்தது?"

"வெட்டுப் பாக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அரசர் ஜாகாவைத் துரோகி என்றே நினைத்திருக்கிறார். அப்படியானால் ஏதோ தெரிந்துதான் நினைத்திருப்பார். இத்தனை வருடத்துக்குப் பிறகு அதில் ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தாலும்.

"உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கா, தோக்?"

"எல்லாமே ஞாபகம் இருக்கு. அது இன்னும் நல்லாவே ஞாபகம் இருக்கு." அவள் சற்று யோசித்தாள். "அரண்மனையில வெட்டினா ரெண்டு பாதியும் சமமா இருக்கும். அது கோணல்மாணலா இருந்தது. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. ரெண்டு தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன். எப்படி வெட்டினா என்ன, வெட்டினது வெட்டினதுதானேன்னு முள்ளை எடுத்தேன்."

வீரா லெலா கண்ணைத் திறந்தார்.

மெலூர் அவரைக் கூப்பிட்டாள். அவர் காதில் விழவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

"அன்னைக்குத் தட்டைச் சுமந்து வந்தது நான்தான்" என்றார். "அம்மாவையும் அவன் பெண்டாட்டியையும் அனுப்ப மனசு வரல. அரண்மனையில என் கையில கொடுத்தப்போ முழுப் பாக்குதான் இருந்தது."

மெலூரின் கையிலிருந்து முள் விழுந்தது.

"அப்போ அதை வெட்டினது யாரு?"

சின்னக் கத்தி இன்னும் அவர் மடியில்தான் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்துல அன்னைக்கு அலை அதிகம், தோக்" என்றார்.