காற்றுகூட நுழையாத கேட்டு

கொக்கிப்பட்டி லூர்துசாமி மேஸ்திரியின் வெல்டிங் பட்டறையில் தவசி, முத்திருளன், சீனிச்சாமி என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். வேலை பார்த்தார்கள் என்றால் உண்மையாகவே பார்த்தார்கள். மேஸ்திரி செய்வார், இவர்கள் பார்ப்பார்கள். சேர்ந்த அன்றைக்கே அவர், "வேலையைக் கவனமாப் பாருங்கடா" என்று சொல்லியிருந்தார். இமை கொட்டாமல் பார்த்தார்கள்.

மூன்று பேரும் தங்கமான ஆட்கள். பொய் தெரியாது, சூது தெரியாது. பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்டியதே இல்லை. வந்த வினையெல்லாம் அதனால்தான் வந்தது.

ஒரு நாள் மேஸ்திரி ஜன்னல் கிரில் ஒன்றுக்குக் கம்பிகளை அடுக்கி வைத்தார். "நாலு மூலையிலயும் ஒரு பொட்டு வச்சு நிமித்தி வைங்க. சாப்பிட்டு வந்து நான் முழுசாப் பத்த வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கிரில் நிமிர்ந்து நின்றது. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியைக் கண்டதும் மரியாதைக்காகக் கையை எடுத்துக் கும்பிட்டார்கள். கிரில் நாலு துண்டாகி அவர் காலிலேயே விழுந்தது.

"வெல்டிங்ல பொட்டு வைக்கச் சொன்னேனேடா!"

"வச்சோம்ணே" என்றான் தவசி. "சந்தனம் வச்சு, அதுக்கு மேல குங்குமம். குறை வைக்கல."

மேஸ்திரி கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு சாந்தமான குரலில், "நீங்க மூணு பேரும் சொந்தமாத் தொழில் பண்ணுங்கப்பா" என்றார். "எத்தனை நாளைக்கு என்கிட்டயே கிடப்பீங்க? சொந்தக் கால்ல நில்லுங்க. ஊருக்குள்ள முதல்ல நல்ல பேர் வாங்குங்க. பேர் வாங்கிட்டா வேலை தானாத் தேடி வரும்."

மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. மேஸ்திரிக்கும் மனசு கேட்கவில்லை. மூலையில் கிடந்த பழைய மிஷினைத் தூக்கிக் கொடுத்து, தொழில் நுணுக்கமும் சொல்லிக்கொடுத்தார். "கண்ணாடி இல்லாம நெருப்பைப் பாக்காதீங்க, கண்ணு போயிரும். விட்டு விட்டு இழுக்காதீங்க, ஒரே இழுப்பா இழுத்தாத்தான் ஓட்டை விழாது. வெட்டுறதை எவனும் வெட்டுவான். ஒட்டுறதுதான் நம்ம தொழில். அதை மறந்துராதீங்க."

மறந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை பிடித்தார்கள். மிஷினை இறக்கி வைத்த கையோடு முதல் ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"அண்ணன் சொந்தக் கால்லன்னு சொன்னாரா, கால்கள்லன்னு சொன்னாரா?" என்று கேட்டான் முத்திருளன். மூவரில் அவன்தான் யோசிக்கிற ஆள்.

"கால்லன்னுதான் சொன்னார்."

"அப்ப ஒரு காலுதான்."

"எந்தக் காலு?" என்றான் சீனிச்சாமி.

இது பெரிய கேள்வி. வெகுநேரம் யோசித்துவிட்டு முத்திருளன் சொன்னான்: "அதை அவர் சொல்லல. நம்ம பொறுப்புல விட்டிருக்காரு."

அன்று முழுக்க மூவரும் கடை வாசலில் ஒற்றைக் காலில் நின்றார்கள். பஸ்ஸில் போனவர்கள் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று ஜன்னல் வழியே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வாடிக்கையாளர் என்று ஒருவரும் வரவில்லை.

"பேர் வாங்காம எப்படி வருவாங்க?" என்றான் தவசி. நேரே மளிகைக் கடைக்குப் போனார்கள்.

"நல்ல பேர் ஒண்ணு வேணும்" என்றான் முத்திருளன்.

கடைக்காரருக்குக் காது மந்தம். "பேரீச்சம்பழமா? நல்லதா இருக்கு. நேத்துதான் வந்துச்சு."

மூவரும் கொஞ்சம் தள்ளிப்போய்க் கலந்து பேசினார்கள். "பேருதான் கேட்டோம். அவர் பேரீச்சம்பழம்ங்கிறாரே?" என்றான் தவசி. "பேரும் இருக்கு, கூடப் பழமும் இருக்கு. லாபம்தானே?" என்றான் சீனிச்சாமி. அதை யாராலும் மறுக்க முடியவில்லை. ஒரு பெட்டி வாங்கினார்கள். மறுநாள் காலையில் கொட்டகை நெற்றியில் பலகை ஏறியது: 'பேரீச்சம்பழம் வெல்டிங் ஒர்க்ஸ்.'

மேஸ்திரி வாக்குப் பலித்தது. பலகை ஏறியதும் ஜனங்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். ஓட்டை வாளி, உடைந்த சைக்கிள், துருப்பிடித்த தகரம், கைப்பிடி போன அண்டா என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கையை நீட்டினார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பது உலக வழக்கம். இவர்களும் மறுக்காமல் கொடுத்தார்கள். கொட்டகை நிறைய இரும்பு சேர்ந்தது. அண்ணன் சொன்னது அப்படியே நடக்கிறதே என்று மூவரும் நெகிழ்ந்துபோனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சொர்ணத்தக்கா வந்தாள்.

சொர்ணத்தக்கா மாவு மில் வைத்திருக்கிறவள். புருஷன் இல்லாமல் தனியாளாக மில்லையும் ஓட்டி, மகள் மலர்க்கொடியையும் படிக்கவைத்தவள். வீட்டைச் சுற்றி நல்ல செங்கல் சுவர் உண்டு. வாசலில் இரண்டு இரும்புத் தூணும் மேலே வளைவுக் கம்பியும் நிற்கும், கேட்டு மட்டும் கிடையாது. அந்த இடைவெளி வழியாக ஊர் ஆடெல்லாம் உள்ளே வரும். போன மாதம் பெண் பார்க்க வந்தவர்களுக்கு விரித்த ஜமுக்காளத்தில் இரண்டு ஆடுகள் முன்னாடியே உட்கார்ந்திருந்தன. எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னொரு இடத்துல இருந்து வர்றாங்க. அதுக்குள்ள எனக்கு ஒரு கேட்டு வேணும்" என்றாள். "ஆடு இல்ல, திருடன் இல்ல, காத்துகூட என்னைக் கேக்காம உள்ள வரக்கூடாது. அப்படிப் போட்டுக் குடுங்க. இந்தச் சம்பந்தமும் கெட்டுப்போச்சுன்னா உங்க மூணு பேரையும் மில்லுல போட்டு அரைச்சிருவேன்."

"காத்துகூட வரக்கூடாது" என்று முத்திருளன் ஒருமுறை சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் தகரத்தையும் மிஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார்கள். இறங்கியதும் மலர்க்கொடியிடம், "தங்கச்சி, முகம் பாக்குற கண்ணாடி இருந்தாக் குடும்மா. கண்ணாடி இல்லாம நெருப்பைப் பாக்கக் கூடாது" என்று கேட்டார்கள். அவளும் சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள்.

தவசி சுவருக்கு உள்பக்கம் நின்று கண்ணாடியைச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். முத்திருளன் வெளியே நின்று, நெருப்பைப் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒற்றைக் காலில் ஆடி ஆடிப் பற்றவைத்தான். சீனிச்சாமி அவன் விழாமல் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் சொர்ணத்தக்கா எட்டிப் பார்த்தாள். "ஏப்பா, கீலு வலது பக்கத் தூணுல வரணும்னு சொன்னேன். இடது பக்கம் பத்த வச்சிருக்கீங்க?"

"கண்ணாடியில வலதுதான்க்கா" என்றான் தவசி.

"கண்ணாடிக்குள்ளயா குடியிருக்கேன்? எனக்கு வலது பக்கம் வேணும்!" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் கேசரி அடிப்பிடிக்கிற வாசனை வரவே உள்ளே ஓடினாள்.

மூவரும் ஆலோசித்தார்கள். கண்ணாடி சொல்வதையும் தள்ள முடியாது, அக்கா சொல்வதையும் தள்ள முடியாது. "ரெண்டு பக்கமும் பத்த வச்சிட்டா, கண்ணாடிக்கும் சரி, அக்காவுக்கும் சரி" என்றான் முத்திருளன். வலது பக்கமும் பற்றவைத்தான்.

"கீழ சந்து தெரியுதே. காத்து வருமே?" என்றான் சீனிச்சாமி. உத்தரவு உத்தரவுதான். வாசல்படியில் பதித்திருந்த இரும்புப் பட்டையோடு சேர்த்து முத்திருளன் கீழேயும் ஒட்டினான். மேலேயும் வளைவுக் கம்பியோடு ஒட்டினான். கையை எடுக்காமல், மூச்சுப் பிடித்து, ஒரே இழுப்பு. வேலையில் ஒரு ஓட்டை இல்லை, ஒரு பிசிறு இல்லை. அவன் வாழ்க்கையிலேயே அப்படி அமைந்ததில்லை.

கேசரியை இறக்கி வைத்துவிட்டு வந்த சொர்ணத்தக்கா கேட்டைத் தள்ளினாள். இழுத்தாள். தோளைக் கொடுத்து முட்டினாள்.

"இது எப்படிப்பா திறக்கும்?"

"திறக்கணுமாக்கா?" என்று வெளியிலிருந்து முத்திருளன் குரல் கேட்டது. "சொல்லவே இல்லையே."

சொர்ணத்தக்கா தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்த தவசிக்கு அப்போதுதான் உறைத்தது. "டேய் சீனிச்சாமி, நான் உள்ள மாட்டிக்கிட்டேன்டா!"

"நீ எங்க மாட்டுன? அங்க வீடு இருக்கு, கேசரி இருக்கு. நாங்கதான்டா மாட்டிக்கிட்டோம்!" என்று வெளியிலிருந்து சீனிச்சாமி அழுதான்.

"கேட்டுக்கு எந்தப் பக்கம் உள்ளன்னு முதல்ல தீர்மானம் பண்ணுங்க. அப்புறம் அழலாம்" என்றான் முத்திருளன்.

இந்த விவாதம் சூடு பிடித்து சாயங்காலம் வரை நீண்டது. மலர்க்கொடி புடவை கட்டிக்கொண்டு வந்து நின்று, சிரிப்பை அடக்க முடியாமல், "அண்ணே, வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுது. எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்றாள்.

மூவரும் ஒரே குரலில், "வெட்டுறது நம்ம தொழில் இல்லம்மா" என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அப்பா ராக்கப்பன். பெரிய மீசை, அதைவிடப் பெரிய கௌரவம். பின்னாலேயே மாப்பிள்ளையும், தாம்பாளத்தோடு பெண்களும் இறங்கினார்கள். எல்லோரும் கேட்டு முன்னால் வந்து நின்றார்கள்.

"திறக்கலையே?" என்றார் ராக்கப்பன்.

உள்ளே சொர்ணத்தக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆடுகளே தேவலாம் போலிருக்கே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுவதைப் பார்த்துத் தவசிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. சுவர்மேல் கையை வைத்து, "டேய், வெட்டத்தானே கூடாது. இடிக்கலாமா?" என்று கத்தினான்.

வெளியே முத்திருளன் அண்ணன் சொன்னதையெல்லாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு, "இடிக்கிறதைப் பத்தி அண்ணன் ஒண்ணும் சொல்லல" என்றான்.

பக்கத்து வீட்டிலிருந்து கடப்பாரை வந்தது. கேட்டுக்கு வலது பக்கச் சுவர் பொலபொலவென்று சரிந்தது. "ஒரு பக்கம் மட்டும் இடிஞ்சா நல்ல காரியத்துக்கு மொட்டையாத் தெரியும்" என்று சீனிச்சாமி இடது பக்கத்தையும் சரித்தான். புழுதி அடங்கியபோது நடுவில் கேட்டு மட்டும் இரண்டு தூணோடு கம்பீரமாக நின்றது. இம்மிகூட அசையவில்லை.

ராக்கப்பன் புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு செங்கல் மேல் ஏறி உள்ளே வந்தார். அவர் கேட்டைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, எத்தனையோ வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். எல்லாரும் கேட்டைத் திறந்துதான் கூப்பிட்டாங்க. எங்களுக்காகச் சுவரையே இடிச்சுக் கூப்பிட்டது நீ ஒருத்திதான்."

மலர்க்கொடிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து, தலையெல்லாம் செங்கல்பொடியோடு நின்ற மாப்பிள்ளையும் சிரித்துவிட்டான். கேசரி தட்டுக்கு வருவதற்குள் சம்பந்தம் பேசி முடிந்தது.

வெற்றிலை மாற்றியதும் ராக்கப்பன் மூவரையும் தனியாகக் கூப்பிட்டார். "தம்பிகளா, கல்யாணத்தன்னிக்கு சம்பந்தி வீட்டாரை நானும் இதே மரியாதையோட கூப்பிடணும். எனக்கும் இப்படி ஒரு கேட்டு போட்டுக் குடுங்க."

"போட்டுரலாம்யா" என்றான் முத்திருளன். "உங்க வீட்டுச் சுவரு எவ்வளவு உயரம்?"

"சுவரா? எங்க வீட்டுக்குச் சுவரே இல்லையேப்பா. நாலு பக்கமும் வெட்டவெளிதான்."

மூவர் முகமும் வாடிவிட்டது. "சுவர் இல்லாம எதை இடிக்கிறது?" என்றான் தவசி. "வர்றவங்க பாட்டுக்கு நடந்து உள்ள வந்துருவாங்களே" என்றான் சீனிச்சாமி.

ராக்கப்பன் மீசையைத் தடவியபடி யோசித்தார். "நியாயந்தான்" என்று போனை எடுத்துத் தங்கள் ஊர்க் கொத்தனாரைக் கூப்பிட்டார். "நம்ம வீட்டைச் சுத்தி நாளைக்கே சுவர் எழுப்பு. சிமென்ட் பஞ்சம் பாக்காத, நல்லா கெட்டியாக் கட்டு. இடிக்க வேண்டியிருக்கு."

கொத்தனார் ஏதோ கேட்டார். ராக்கப்பன் போனைப் பொத்திக்கொண்டு, "வாசலுக்கு எந்தப் பக்கம் இடம் விடணும்னு கேக்கான். என்ன சொல்லட்டும்?" என்றார்.

மூவரும் தள்ளிப்போய்த் தலையோடு தலை வைத்துக் கலந்து பேசிவிட்டு வந்தார்கள். "இடம் விட்டா எல்லாரும் அந்த வழியாவே வந்துருவாங்கய்யா. அப்புறம் சுவரை எதுக்கு இடிக்கணும்?" என்றான் முத்திருளன்.

"அதானே!" என்ற ராக்கப்பன் போனை மறுபடி காதில் வைத்தார். "இடமெல்லாம் விட வேண்டாம். சுத்தி அடைச்சுக் கட்டிரு. ஆனா நாங்க வீடு வந்து சேர்ந்த பிறகு ஆரம்பி. கட்டும்போது நாங்க எல்லாரும் உள்ள இருக்கணும்."