ஏரியலுக்குக் கேட்காத இடம்

குரு என்றால் தாடி வேண்டும், நரை வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மரியபுஷ்பத்தைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பெண், வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. சீடர் அமலதாசுக்கு அறுபது. இடுப்பு ஒடிந்து கடலுக்குப் போக முடியாமல் ஆன பிறகு தொழில் கற்க வந்தவர். அமலதாஸ் அவரை டீச்சர் என்பார். அவர் அமலதாசை அண்ணாச்சி என்பார்.

அந்த வருஷம் புயல் அடித்தது. அமலதாசின் மகன் ரீகன் போன விசைப்படகு திரும்பவில்லை.

தினமும் சாயங்காலச் செய்தி முடிந்ததும் தொலைவில் இருந்த வானொலி நிலையம் அறிவிப்பு சொன்னது. முதலில் உயிரோடு கரை சேர்ந்தவர்களின் பெயர்கள். பிறகு பெயர் தெரியாத உடல்கள். எந்தக் கரையில் ஒதுங்கியது, என்ன சட்டை, உடம்பில் என்ன அடையாளம். சொந்தக்காரர்கள் வந்து வாங்கிப் போகும்வரை அதையே மறுநாளும் சொல்வார்கள்.

அமலதாஸ் வீட்டில் அது கேட்கவில்லை. ஐஸ் கம்பெனி மோட்டாரின் இரைச்சல்தான் ரேடியோவுக்குள் கேட்டது.

"டீச்சர், இந்த இரைச்சலை எப்படி ஒழிக்கிறது?"

மரியபுஷ்பம் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு மரச்சட்டத்தையும் கம்பிச் சுருளையும் ஒரு கண்டன்சரையும் எடுத்துக் கொடுத்தார். "இந்தச் சட்டத்துல கம்பியைச் சுத்தினா ஒரு ஏரியல். ரேடியோவை ஒட்டி வைங்க. வந்து பார்க்கிறேன்."

அமலதாஸ் வீட்டில் உட்கார்ந்து சுற்றினார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டது ரீகனின் மனைவி பெனிட்டா.

மறுநாள் சாயங்காலம் மரியபுஷ்பம் வந்து பார்த்தார். ஏரியல் ரேடியோவை ஒட்டி, கடலுக்குத் தன் தட்டையான முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. இரைச்சலுக்கு அடியில் யாரோ பேசுவது லேசாகக் கேட்டது.

"ஏன் அண்ணாச்சி இப்படி வச்சீங்க?"

"பேச்சு கடல் பக்கமிருந்துதானே வருது? வலையை நீரோட்டத்துக்குக் குறுக்கே போட்டாத்தானே மீன் விழும்?"

மரியபுஷ்பம் சிரித்துவிட்டார். பெனிட்டாவும் சிரித்தாள். புயலுக்குப் பிறகு அந்த வீட்டில் யாராவது சிரித்தது அப்போதுதான்.

"ஸ்டேஷன் அந்தப் பக்கம்தான். ஆனா இது வலை இல்லை. முகத்தைக் காட்டின பக்கம் இதுக்குக் காது கேட்காது. ஐஸ் கம்பெனி வடக்கே தள்ளித்தானே இருக்கு? அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புங்க."

அமலதாஸ் சட்டத்தை வடக்கே திருப்பினார். இரைச்சல் குறைந்தது. ஒழியவில்லை.

"இன்னும் இரையுதே, டீச்சர்."

"இதுக்குக் கேட்கிற இடம் அகலம். கேட்காத இடம் மயிரிழை. எது கேட்கக் கூடாதோ அதைக் காதுல வாங்கிக்கிட்டே நூல் நூலாத் திருப்பணும். இல்லேன்னா அந்த இடம் சிக்காது."

கிழவர் திருப்பத் திருப்ப அந்த இடம் தாண்டித் தாண்டிப் போனது. பெனிட்டா அவர் கையை விலக்கிவிட்டுத் தானே திருப்பினாள். இரைச்சல் அறுந்தது. அடுத்த அறையில் இருந்து பேசுவதுபோல ஓர் ஆணின் குரல், பச்சைச் சட்டை போட்ட ஒருவரைப் பற்றிச் சொன்னது. மூவரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். அது ரீகன் இல்லை.

"அண்ணாச்சி, இனிமே நீங்க இதுல கை வைக்காதீங்க. பெனிட்டாவே பார்த்துக்கட்டும்."

பெனிட்டா ரீகனுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள். புயல் நாளிலிருந்து தினமும் வைத்தாள். "வரும்போது பசியோட வருவாங்க" என்றாள்.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் உடலைக் கொண்டுவந்த அன்று அமலதாஸ் கல்லறைக்குப் போய்விட்டு, சாயங்கால அறிவிப்பு முடிந்து இருட்டிய பிறகுதான் திரும்பினார். மறுநாளிலிருந்து ரேடியோவில் வெறும் இரைச்சல். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடிவந்தார்.

"டீச்சர், நீங்க குடுத்த ஏரியல் செத்துப்போச்சு."

"திருப்பிப் பார்த்தீங்களா?"

"நீங்கதான் கை வைக்காதீங்கன்னீங்களே. பெனிட்டாதான் பார்த்துக்கிறா." அவர் கடைப் பலகையில் உட்கார்ந்தார். "உயிரோட இருக்கிறவங்க பேர்ல எம்மவன் பேரு வந்துட்டுப் போயிருந்தா? எனக்குத் தெரியாமலே போயிருமே!"

பாவம், அந்த மனிதருக்கு அந்தப் பக்கம்தான் புத்தி ஓடியது.

அன்று சாயங்காலம் மரியபுஷ்பம் அவரோடு போனார். பெனிட்டா அடுப்படியில் இருந்தாள். தலை நிமிரவில்லை. மூடி வைத்த தட்டு எங்கும் இல்லை.

மரியபுஷ்பம் ரேடியோவைப் போட்டார். ஐஸ் கம்பெனி இரைந்தது. அதற்கு அடியில் பேச்சின் சாயல்கூட இல்லை. ஏரியல் கடலுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கம்பி அறுந்திருக்கவில்லை. கண்டன்சரும் சரியாகத்தான் இருந்தது. அவர் சட்டத்தை ஒரு விரலால் லேசாகத் தள்ளினார். இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல் கிளம்பியது.

"டீச்சர், வேண்டாம்."

அடுப்படியிலிருந்து அவ்வளவுதான் வந்தது. மரியபுஷ்பம் ரேடியோவை அணைத்தார்.

"ஏன் அணைச்சீங்க? இப்ப கேட்டுச்சே!" என்றார் அமலதாஸ். "அப்போ ஏரியல் நல்லாத்தான் இருக்கு. பெருக்கும்போது துடைப்பம் இடிச்சுத் திரும்பியிருக்கும், இல்லையா?"

"இடிச்சிருந்தா லேசாவாவது கேட்கும், அண்ணாச்சி. முதல் நாள் நீங்க தப்பா வச்சப்பவே கேட்டுச்சே."

"பின்னே?"

மரியபுஷ்பம் சட்டத்தில் விரலை வைத்தார்.

"இது அந்தக் கேட்காத மயிரிழை. அந்தக் குரல் சொன்னதை முழுசாக் கேட்டுக்கிட்டே திருப்பினவங்களாலதான் இந்த இடத்துல கொண்டாந்து நிறுத்த முடியும்."

அமலதாஸ் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "எந்தக் கரையில ஒதுங்கினான், பெனிட்டா?" என்றார்.