வாலப்பன் மாட்டிய ஏழு பெட்டிகள்

ஆற்றங்கரையில் ஒரு தேக்குத் தோப்பு இருந்தது. தோப்பா அது? கால் வைக்க இடமில்லாத குடியிருப்பு! பொந்துக்குப் பொந்து கிளி, கிளைக்குக் கிளை அணில், வேருக்கு வேர் எலி.

அந்தத் தோப்பு முழுக்க வைஃபை போடுவதென்று விலங்குகள் முடிவு செய்தன. மேலே அணைக்கட்டில் வெள்ளம் புறப்பட்டால், அங்கே காவல் நிற்கும் கொக்கு உடனே எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்ப வேண்டும். போன வருடம் கொக்கு பறந்து வந்து சொல்வதற்குள் வெள்ளம் முந்திக்கொண்டது.

"பொறுப்பை என்கிட்ட விடுங்க!" என்றது குரங்கு வாலப்பன்.

வாலப்பன் கெட்டது இல்லை. வால் கொஞ்சம் நீளம், வாயும் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். வேலை என்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்துவிடும்.

பங்குனி வெயிலில் வேலை தொடங்கியது. தேக்குகள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் கொம்பாக நின்றன. வாலப்பன் ஏழு மர உச்சிகளில் ஏழு வைஃபை பெட்டிகளை மாட்டியது. பிறகு போனைப் பிடித்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியது. போன இடமெல்லாம் சிக்னல் நான்கு கோடு!

தோப்பின் கடைசியில், பள்ளத்தில், ஒரு புற்றுக்குப் பின்னால் வெள்ளெலி பஞ்சியின் வளை இருந்தது.

"அண்ணே, இப்ப எனக்கு ரெண்டு கோடு கிடைக்குது. மழை பெஞ்சு மரமெல்லாம் இலை விட்டா கிடைக்குமா? ஒரு தடவை இறங்கி வந்து வளைக்குள்ள பாருங்களேன்!" என்றது பஞ்சி.

"இலையாவது தடுக்கிறதாவது! மேலே இருக்கிறது கீழே வராம எங்கே போயிடும்?" என்று சிரித்தது வாலப்பன். கீழே நெருஞ்சி முள் வேறு. அது இறங்கவில்லை.

ஆனியில் மழை பெய்தது. முறம் முறமாகத் தேக்கிலை விரிந்தது. பஞ்சியின் போனில் கோடு ஒன்றாகி, பிறகு அதுவும் போயிற்று.

"அண்ணே, வரவே இல்லை!"

வாலப்பன் கிளையில் உட்கார்ந்தபடியே பார்த்தது. "இங்கே நாலு கோடு நிக்குதே! உன் போன்தான் கோளாறு. வெயில்ல காய வை!"

பஞ்சி அப்பாவி. போனை இரண்டு நாள் வெயிலில் காய வைத்தது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் கொக்கின் செய்தி வந்தது. "வெள்ளம் புறப்பட்டாச்சு! மேட்டுக்கு ஓடுங்க!"

கிளிகள் பார்த்தன, அணில்கள் பார்த்தன, எலிகள் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஓடின. வாலப்பன் மரத்திலிருந்தபடி பெருமையோடு போனைப் பார்த்தது. எல்லோர் பெயருக்கும் நேராக இரண்டு டிக். பஞ்சிக்கு மட்டும் ஒன்று.

"இந்தப் பஞ்சிக்கு எப்பவும் ஏதாவது..." என்று முணுமுணுத்தபடி மரத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. நான்கு கோடு மூன்றாயிற்று. இன்னும் கொஞ்சம் இறங்கியது. இரண்டு. அடிமரத்தில் ஒன்று. பள்ளத்தில் ஒன்றுமே இல்லை. வாலப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஈரம் சொட்டும் இலைகள் கூரை போட்டதுபோல அடைத்து நின்றன.

போனை வாலில் சுருட்டிக்கொண்டு முள்ளையும் சேற்றையும் மிதித்து ஓடியது.

வளைக்குள் பஞ்சி, அந்த வாரம்தான் பிறந்த, கண் திறக்காத மூன்று குட்டிகளுக்கு நிம்மதியாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"பஞ்சி! வெள்ளம்!"

"ஐயோ, எனக்கு ஒண்ணுமே வரலையே அண்ணே!"

"வராது தாயி! தப்பு என்மேலதான். குட்டிகளைக் கொடு!"

இரண்டு குட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டது. ஒன்றைப் பஞ்சி வாயில் கவ்விக்கொண்டு அதன் முதுகில் தொற்றியது. அவர்கள் மேட்டில் கால் வைத்தபோது வளைக்குள் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. வாலப்பன் திரும்பிப் பார்த்தது. அழுதேவிட்டது.

வெள்ளம் வடிந்து எல்லாம் வீடு திரும்பின. மழை விடவில்லை. அந்த மழையிலேயே வாலப்பன் வீடு வீடாக நடந்தது. வளைக்குள்ளும் பொந்துக்குள்ளும் போனை நீட்டிப் பார்த்தது. காலில் முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று. மூன்று பெட்டிகளை உச்சியிலிருந்து இறக்கி, இலைக்குக் கீழே அடிமரங்களில் கட்டியது. அதில் ஒன்று பஞ்சியின் வளைக்கு எதிரே.

மறுநாள் வாலப்பனுக்கு ஒரு செய்தி வந்தது.

"அண்ணே, நாலு கோடு! குட்டிங்க கண்ணைத் திறந்துடுச்சு. பார்க்க வாங்க. மரத்துல உட்கார்ந்துக்கிட்டு இல்ல, இறங்கி வாங்க!"

வாலப்பன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி ஓடியது.

அடுத்தவருக்குச் செய்யும் உதவி போய்ச் சேர்ந்ததா என்பதை நம் இடத்தில் இருந்து பார்க்கக் கூடாது, அவர் வாசலில் போய் நின்று பார்க்க வேண்டும்.