சாம்பிராணி போட்ட கூண்டு

சமாதானமாக இருப்பவர்கள் யாரும் குருவம்மாவைத் தேடிப் போவதில்லை. கோபம் தலைக்கேறியவர்கள்தான் போகிறார்கள். நியாயம் உங்கள் பக்கம் என்று அங்கே ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் போதும், நிம்மதியாகத் திரும்பி வந்து பழையபடி இருக்கலாம். ஆவுடையப்பன் அன்றைக்குப் போனதும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

அவருக்குத் தென்காசியில் பாத்திரக்கடை. குருவம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவரையே குருவாக வரித்து, அமாவாசை தவறாமல் மலையடிவாரத்து மடத்துக்கு வருகிறவர். ஊரில் நல்ல மனுஷர் என்று பெயர். அந்தப் பெயரையும் கடைப் பாத்திரம் போலத் தினம் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

அன்றைக்கு அவர் கையில் ஒரு கம்பிக்கூண்டு இருந்தது. கூண்டுக்குள் ஒரு ஹாம்ஸ்டர். எலி ஜாதிதான். ஆனால் வால் இருப்பதே தெரியாது. உருண்டையாக, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வழியெல்லாம் கார் குலுக்கியதில் அது மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

குருவம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு கேள்வி கேக்கணும்.”

“கேளும்.”

“நன்றி கெட்ட உயிரை என்ன செய்யணும்?”

“எந்த உயிரு?”

ஆவுடையப்பன் துணி சுற்றிய ஆள்காட்டி விரலால் கூண்டைக் காட்டினார்.

“இந்தா, இந்த உயிரு. வீட்டுல இருக்குற இன்னொண்ணும்தான்.”

இன்னொன்று என்பது அவருடைய தம்பி மகள் ஹரிணி. தம்பியும் அவன் மனைவியும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவியபோது, ஆவுடையப்பன்தான் பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அது ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லியிருந்தார்.

“வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசலைம்மா. தனி ரூம், புதுக் கட்டில், புதுத் துணிமணி, எதுக்குக் குறை வச்சேன்? முகத்துல ஒரு சிரிப்பு வரட்டும்னு இந்த எலியையும் வாங்கிட்டு வந்தேன். அவ அதைத் திரும்பிக்கூடப் பாக்கலை. அது யாரையும் கிட்ட விடலை. நேத்து அது என் விரலைக் கடிச்சிட்டுது. அவ என் வீட்டுக்காரி பகவதி கையைக் கடிச்சிட்டா. பல்லு பதிஞ்சிபோச்சு.”

“எதுக்குக் கடிச்சா?”

“ஒரு பழைய சேலைக்கு. அவ அம்மை கட்டினது. அதைச் சுருட்டி வச்சிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிடுதா. ஒரே வாடை. சாவு வீட்டுத் துணி வேற. பகவதி அதை எடுத்து நல்லா துவைச்சு, வாசனைத் தண்ணியில அலசி, மடிச்சு அவ கையிலயே குடுத்தா. வாங்கி மோந்து பாத்தா. பிறகுதான் கடிச்சா.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

“அழுதாளா?”

“அழலை.”

“கடிக்கவாவது பல்லு இருந்துச்சே பிள்ளைக்கு” என்றார் குருவம்மா.

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. மனைவியின் கைக்காயத்தைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தார்.

“நாளைக்கு அவளை மதுரையில ஹாஸ்டல்ல சேக்கப் போறேன். பெட்டி கட்டியாச்சு. எலியைக் கடைக்காரன்கிட்டயே குடுத்திருவேன். செய்யுதது சரின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா மனசு ஆறிரும்.”

“பிள்ளை கிடக்கட்டும். எலிக்கு என்ன செஞ்சீர்? அதைச் சொல்லும்.”

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் செய்த நல்லதைச் சொல்லச் சொன்னால் அவருக்கு அலுப்பே கிடையாது.

“என்ன செய்யலைன்னு கேளுங்க. தினம் காலையில கூண்டைப் பினாயில் போட்டுக் கழுவுதோம். அடியில கிடக்குற மரத்தூளை மொத்தமா அள்ளிக் கொட்டிட்டுப் புதுசு போடுதோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. இந்தச் சனியன் என்ன செய்யும் தெரியுமா? போடுற தீனியைக் கன்னத்துல அடக்கிக் கொண்டுபோய் மூலையில ஒளிச்சு வைக்கும். திருட்டுப் புத்தி. பகவதி அதையும் கிளறி எடுத்து வெளிய போட்டிருவா.”

“பிறகு?”

“தெருவே வந்து பாத்துச்சு. ஒருத்தரையும் வெறுமனே அனுப்பலை. பகல் பூரா தூங்கும். எழுப்பி எடுத்து அவங்கவங்க கையில குடுத்தேன். முதல்ல டிவி பக்கத்துல வச்சோம். பிறகு சாமி ரூமுல. பிறகு வாஸ்து பாக்குறவர் சொன்னாருன்னு மாடிப்படி பக்கத்துல. லட்டுன்னு பேரும் வச்சாச்சு.”

“வித்தவன் ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னான். கொஞ்ச நாளைக்கு அது பக்கமே போகாதீங்க, தூளை ஒரேயடியா மாத்தாதீங்க, அதோட வாடை கொஞ்சம் கூண்டுல இருக்கட்டும்னான். சோம்பேறிப் பய. அவன் கடை நாறுதுல்ல, அதுக்கு ஒரு சாக்கு.”

“தெரு அந்தப் பிள்ளையையும் வந்து பாத்துச்சா?”

“பாக்காம? அம்மை ஞாபகம் வருதா கண்ணுன்னு கேக்காத ஆளு இல்ல. நம்ம சனங்களுக்கு அவ்வளவு பாசம்.”

பாசமாம். துக்கம் விசாரிப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அழுகிறவரை விசாரிப்பார்கள். அழாவிட்டால், ஏன் அழவில்லை என்று விசாரிப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி, செத்துப்போன அம்மாவைப் பற்றிக் கேட்டுவிட்டு, கையோடு காபியும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

குருவம்மா எழுந்தார். கூண்டை அலுங்காமல் தூக்கிக்கொண்டு தானியம் வைக்கும் அறைக்குள் போனார். மூட்டைகளுக்கு நடுவே இருட்டான மூலையில் வைத்துவிட்டு, மேலே ஒரு பழைய சாக்கைப் பாதி மறைக்கிறமாதிரி போட்டார். தண்ணீர் வைத்தார். நாலு கடலையை உள்ளே போட்டார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

“சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் இங்க இரும்.”

“ரெண்டு பேருன்னா?”

“நீரும் எலியும். உள்ள ஒரு ரூம் இருக்கு, சாப்பிட்டுட்டுப் படும்.”

பிறகு சமையல் பார்க்கும் வேலம்மாளைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். வேலம்மாள் ஆவுடையப்பனை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆவுடையப்பன் சாப்பிட்டார். அறையில் பையை வைத்தார். சட்டையை ஆணியில் மாட்டினார். பையிலிருந்து ஒரு வெளுத்துப்போன துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு பாயில் சாய்ந்தார்.

கண் செருகும் நேரத்தில் யாரோ தோளைத் தட்டினார்கள்.

“அண்ணாச்சி, தூங்குதீங்களா?” என்றார் வேலம்மாள்.

“ம்.”

“துண்டு ஒரே வாடை.” முகத்திலிருந்து உருவிக்கொண்டார். “சட்டையையும் எடுத்துக்கிடுதேன். பினாயில்ல போட்டு அலசிக் கொண்டாறேன்.”

“அதெல்லாம் வேண்டாம்மா.”

வேலம்மாள் அதற்குள் போய்விட்டார். அடுத்து ஒருவர் வந்தார். இந்தப் பக்கம் காற்று வராது என்று பாயை இழுத்துச் சன்னல் பக்கம் போட்டார். இன்னொருவர் வந்தார். சன்னல் பக்கம் வெயில் அடிக்கும் என்று அதைக் கதவுப் பக்கம் போட்டார். பாயோடு ஆவுடையப்பனும் போனார்.

பிறகு மடமே திரண்டு வந்தது. சுற்றிலும் நின்று பார்த்தார்கள்.

“இவருதானா தென்காசி அண்ணாச்சி?”

“இடம் பிடிச்சிருக்கா அண்ணாச்சி?”

“வீட்டு ஞாபகம் வருதா?”

“ஏன் உம்முன்னு இருக்காரு?”

“கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க. எவ்வளவு ஆசையா பாக்க வந்திருக்கோம்.”

ஒருவர் கன்னத்தையே தொட்டுப் பார்த்தார். இன்னொருவர் பைக்குள் கைவிட்டு, ஆவுடையப்பன் பிற்பாடு தின்னலாம் என்று வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். “ஒளிச்சு வச்சிருக்காரு பாருங்க” என்று சொல்லி, அதைச் சன்னல் வழியே மாட்டுக்குப் போட்டார்.

ஆவுடையப்பன் வெற்றுடம்போடு முற்றத்துக்கு ஓடி வந்தார்.

“என்னம்மா இது? இது மடமா இல்ல சந்தையா? மனுசனைச் செத்த நேரம் சும்மா இருக்க விட மாட்டாங்களா? ஆளாளுக்கு வந்து இழுக்காங்க, கேள்வி கேக்காங்க, சிரிக்கச் சொல்லுதாங்க. எனக்கு அந்தத் துண்டு முகத்துல கிடந்தாத்தான் தூக்கம் வரும். இருபது வருசமா அப்படித்தான். நாறுமோ மணக்குமோ, அது என் துண்டு. யாரைக் கேட்டுத் துவைச்சாங்க?”

“கடிச்சீரா?” என்று கேட்டார் குருவம்மா.

“என்னது?”

“வேலம்மாளைக் கடிச்சீரான்னு கேட்டேன்.”

ஆவுடையப்பன் இல்லை என்று தலையாட்டினார்.

“கடிக்கலையா? ஆச்சரியம்தான். உமக்கு ஒரு துண்டுதான் போச்சு. உம்ம வீடு அப்படியே இருக்கு, பகவதி இருக்கா, கடை இருக்கு. ராத்திரி திரும்பிப் போயிருவீர். அதுக்கே இந்தக் கோபம் வருது உமக்கு.”

அவர் குரல் உயரவில்லை. ஆனால் கோபம் இருந்தது. முற்றத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள்.

ஆவுடையப்பன் படியில் உட்கார்ந்தார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. வேலம்மாள் காபியும் காய்ந்த சட்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

இருட்டுகிற நேரத்தில் தானிய அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கறுக் கறுக் என்று ஏதோ கடிபடுகிற சத்தம். ஆவுடையப்பன் போய்க் கதவை மெல்லத் தள்ளினார். ஹாம்ஸ்டர் சாக்கின் ஓரத்தைக் கம்பி வழியே உள்ளே இழுத்து, நாரைக் கடித்துக் கடித்து மூலையில் சேர்த்துக்கொண்டிருந்தது. கடலையில் ஒன்றுகூடத் தரையில் இல்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று சாக்கைத் தூக்கக் கை நீட்டினார். பாதியில் கையை இழுத்துக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அதுக்கு என்னம்மா செஞ்சீங்க?”

“நீர் பாத்ததுதான். பிறகு அந்தப் பக்கம் யாரும் போகலை.”

பிறகு ஆவுடையப்பன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அந்தச் சேலையில இருந்த வாசம் திரும்ப வருமா?”

“வராது.”

“ஏதாவது செய்யலாமாம்மா?”

“துவைச்சது தப்புன்னு அவகிட்டச் சொல்லலாம். சொல்லிட்டு அவ முகத்தைப் பாத்துக்கிட்டு நிக்காதேயும்.”

அப்போது ஆவுடையப்பனின் கைப்பேசி அடித்தது. பகவதிதான். வீடு நிறையப் பேச்சுச் சத்தம் கேட்டது.

“எங்க இருக்கீங்க? சின்னத்தை, மதினி எல்லாரும் பிள்ளையை வழியனுப்ப வந்திருக்காங்க. இவ கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்கிட்டு வரமாட்டேங்கா. கையைப் பிடிச்சு இழுக்கட்டுமா?”

“இழுக்காத.”

“வந்தவங்க என்ன நினைப்பாங்க?”

“காபி குடுத்து அனுப்பு. அந்த ரூம் கதவைச் சாத்து. சாப்பாட்டைத் தட்டுல போட்டு வாசல்ல வை. நீயும் உள்ள போகாத.”

“காலையில ஹாஸ்டலுக்குக் கிளம்பணுமே.”

“பெட்டியைப் பிரி பகவதி. அவ துணியெல்லாம் முன்னால எங்க இருந்துச்சோ அங்கயே வை.”

பகவதி மேலும் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொல்லிவிட்டுக் கைப்பேசியை வைத்தார். கூண்டை எடுத்துக்கொண்டு வந்தார். சாக்கு மேலேயே இருந்தது. இந்தமுறை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தார்.

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“அம்மா, இனி நான் அவளைத் தொந்தரவு செய்ய மாட்டேன். யாரையும் செய்யவும் விட மாட்டேன். எவ்வளவு நாளானாலும் பொறுத்திருப்பேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ என்னைக்காவது தானா எங்கிட்ட வருவாள்லா?”

குருவம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். பகலில் இருந்த கோபம் அந்தக் கண்ணில் இன்னும் ஆறவில்லை.

“வரலைன்னா,” என்றார், “அவ அந்த வீட்டுல இருக்கக் கூடாதா?”